புதுப்பிப்பு: எங்கள் தெரு ராட்வீலர் நாய் விஷயம்

சேலம் அஸ்தம்பட்டியில் பக்கத்து வீட்டு ராட்வீலர் அம்மாவின் கெண்டைக்காலைக் கடித்தது பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அம்மா தேறிவிட்டார். காயத்தில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) எதிர்ப்பு சீரமும், 0, 3, 7, 28ஆம் நாட்களில் தடுப்பூசியும் போட்டாயிற்று. உடனே சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவியது ரொம்ப நல்லது என்றார் டாக்டர்.

"அந்த இனமே தடைதானே?" என்று சிலர் கேட்டீர்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொன்ன கடிதத்தில் ராட்வீலரும் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சரி, இனத்தை விட்டுவிட்டு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 291ஆம் பிரிவைப் பிடித்தேன். வளர்ப்பவர் அலட்சியமாக இருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைக் குறிப்பிட்டுப் புகார் கொடுத்தேன்.

நேற்று அந்த வீட்டு அண்ணன் வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். இப்போது நாய் வாய்மூடியோடுதான் வெளியே வருகிறது. அம்மா மட்டும் இன்னும் வாசலுக்கு வரப் பயப்படுகிறார்.