மறு: பயோமார்க்கர்: உயிர்க்குறி வேண்டாம், உடற்சுட்டி எப்படி?

நண்பர்களே,

உடலில் அளந்து பார்த்து, நோயைப் பற்றியோ உடல்நிலையைப் பற்றியோ அறிய உதவும் பொருளை ஆங்கிலத்தில் பயோமார்க்கர் என்கிறார்கள். அதற்குத் தமிழில் உயிர்க்குறி என்றே முடித்துவிடலாம் என்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்: குறி என்பதை உடலோடு சேர்த்துச் சொன்னால் தமிழ்க் காதுக்கு என்ன கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். அதைப் பொறுத்துக்கொண்டாலும், நாடித்துடிப்பு, மூச்சு, உடல்சூடு பார்த்து ஆளுக்கு உயிர் இருக்கிறதா என்று அறிவதற்குத்தான் அந்தச் சொல் இயல்பாகப் பொருந்தும். இன்னொரு சொல்லான உயிரிக்குறிப்பான் வேறொரு பக்கம் சறுக்குகிறது. மரப்பட்டையில் பாசிபோல ஒட்டி வளரும் லைக்கன்கள் அருகிப்போவதை வைத்துக் காற்று கெட்டிருக்கிறது என்று சொல்கிறார்களே, அந்த லைக்கனுக்கு வேண்டுமானால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம்.

> அறிகுறி என்ற பழைய சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

நினைவை அரிக்கும் அல்சைமர் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது அறிகுறி. அது தலைகாட்டுவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியத் தொடங்கிவிடுகிறது. ஆளுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அந்த இருபது ஆண்டையும் எழுத்தில் தொலைத்துவிடுவோம்.

அப்புறம், அளக்கும் பொருளே நோய் என்று நினைத்துவிடவும் கூடாது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் அந்த அமிலாய்டின் ஒரு வடிவமான அமிலாய்டு பீட்டா 42-ஐ அளந்தால், அல்சைமர் உள்ளவருக்கு அது கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? குறைந்திருக்கும். மூளையிலேயே படிந்துவிடுவதால் நீருக்கு வந்து சேர்வது குறைகிறது. டௌ என்ற இன்னொரு புரதத்தின் பாஸ்பேட் ஏறிய வடிவமான டௌ 217 நேர்மாறு, அது கூடும். நியூரோஃபிலமென்ட் லைட் என்ற நரம்பணுப் புரதம் இன்னும் சுவாரசியம்: நரம்பணுவின் நீண்ட இழை சிதைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும், ஆனால் சிதைத்தது ஏஎல்எஸ், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நரம்பு நோயா, தலையில் பட்ட அடியா என்று அது சொல்லாது. அடுத்த அறையில் ஏதோ உடைந்த சத்தம் கேட்கிற மாதிரி.

இதனால்தான் எனக்குச் சுட்டி என்ற சொல் பிடித்திருக்கிறது. சுட்டெழுத்து நமக்குப் புதிதா என்ன? 'அது' என்று சொல்லும்போது அந்த அகரம் பொருள் ஆகிவிடுவதில்லை, பொருள் இருக்கும் திசையைக் கைகாட்டுகிறது. சேய்மையில் இருப்பதையும் காட்டுகிறது. வினையாகவும் வளைகிறது: "இந்தப் புரதம் எதைச் சுட்டுகிறது?" இரத்தச் சுட்டி, படச் சுட்டி, முன்கணிப்புச் சுட்டி என்று அடைகளும் தடையின்றி ஒட்டுகின்றன. எந்தக் கலைச்சொல்லுக்கும் நான் வைக்கும் சோதனை இதுதான், தனியாக அழகாக நிற்கும் சொற்கள் பல இங்கேதான் தோற்கின்றன. கணினி எலிக்கும் குறும்புப் பிள்ளைக்கும் அதே பெயர் என்று சிரிக்காதீர்கள், முன்னொட்டு வந்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

முன்னொட்டுதான் சிக்கல். நோய்ச்சுட்டி கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் குறுகியது. அமெரிக்காவில் மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் எஃப்டிஏவும், மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச்சும் 2016-இல் சேர்ந்து வெளியிட்ட சொற்களஞ்சியம் பயோமார்க்கரை ஏழு வகையாகப் பிரிக்கிறது. மருந்துக்கு உடல் எப்படி எதிர்வினை செய்கிறது, மருந்தால் தீங்கு வருகிறதா என்று காட்டுவதும் அதில் உண்டு. அல்சைமருக்கான லெகானிமாப் மருந்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு அமிலாய்டு படிவு நன்றாகவே கரைந்தது. நோயின் சரிவோ 18 மாதங்களில் 27 விழுக்காடுதான் மெதுவானது. சுட்டி வேறு, நோய் வேறு. ஆகவே உடற்சுட்டி என் பரிந்துரை.

இன்னொன்று. நரம்பணுவுக்கு வெளியே சேரும் அமிலாய்டைப் படிவு என்பது சரி. உள்ளே டௌ திரண்டு கிடப்பதை ஏன் முடிச்சு என்கிறோம்? முடிச்சு ஒருவர் போடுவது. டௌ இயல்பில் நரம்பணுவின் உள்ளே இருக்கும் நுண்குழல்களைப் பிடித்து நிறுத்துகிற புரதம். பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறினால் அந்தப் பிடி கழன்று, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகிறது. சீவாத தலைமுடியில் தானாக விழுவதை என்னவென்று சொல்வோம்? சிக்கு. டௌச் சிக்கு என்று வைப்பதில் யாருக்காவது மறுப்பு உண்டா?