ஒரே ஆண்டில் ஒன்பது வயது கூடியது யாரால்?

வெள்ளவத்தை வாசன்:
"இலங்கையர் இந்தியரைவிட நீண்டகாலம் வாழ்வதற்கு வெள்ளைக்காரன் அடித்த டி.டி.டி. நுளம்பு மருந்து ஒன்றே காரணம்" என்று நேற்று இங்கே ஒரு மேதாவி தீர்ப்பு எழுதியிருக்கிறார். 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கியது நுளம்பு பிடிக்கவா? வீடுவீடாக நடந்து பிரசவம் பார்த்த மருத்துவமாதர், 1942இல் வந்த கூப்பன் அரிசி, 1945இன் இலவசக் கல்வி எல்லாம் பூச்சியமா? இன்று நமக்குச் சராசரி ஆயுள் ஏறக்குறைய 77, இந்தியருக்கு 72. நுளம்பு மருந்தா இதைச் செய்தது?

கொட்டாஞ்சேனையான்:
அந்த மேதாவி நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். 1946இல் சராசரி ஆயுள் 43, டி.டி.டி. அடித்தபின் 1947இல் 52. ஒரே ஆண்டில் ஒன்பது! கூப்பன் அரிசிக்குத் திடீரென்று சத்துக் கூடியதோ? அநுராதபுரத்தில் என் பாட்டி வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளைத் தூள் படிந்ததாம். நுளம்போடு மூட்டைப்பூச்சியும் செத்த மகிழ்ச்சியில், மருந்துக்காரருக்குத் தேநீர் கொடுத்து மறுபடியும் வரச் சொன்னாராம்.

வெள்ளவத்தை வாசன்:
பாட்டி கதை புள்ளிவிபரம் ஆகாது. மலேரியா அரிதான, மழை கூடிய தென்மேற்கு ஈரவலயத்திலும் அதே காலத்தில் மரணம் குறைந்ததே, அங்கே எந்த நுளம்பு செத்தது?

கொட்டாஞ்சேனையான்:
1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். உங்கள் ஈரவலயத்துக் கேகாலையில் மாண்டவர்களைக் கேளுங்கள், மலேரியா எங்கே அரிது என்று. ஒன்பது ஆண்டுக்குப் பதில் எங்கே?

தெஹிவளை வாசகி:
பிறக்கும்போதுள்ள ஆயுளைச் சொல்கிறீர்களா, ஐந்து வயது தாண்டியவர்களின் ஆயுளையா? 1946இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 140 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. 43 என்றால் எல்லோரும் 43இல் செத்தார்கள் என்று பொருளில்லை.

வெள்ளவத்தை வாசன்:
அக்கா, வரைவிலக்கணத்தைப் பிறகு பார்ப்போம். இந்தியாவும் 1953 முதல் தேசியத் திட்டமாகவே டி.டி.டி. அடித்தது. பிறகு ஏன் 60ஐத் தொட 1990கள் வரை காத்திருந்தது? நாம் 1960களிலேயே தாண்டிவிட்டோம். மருந்து ஒன்றுதான், பலன் மட்டும் ஏன் வேறு? மருந்தை நிறுத்தியதும் 1960களின் கடைசியில் மலேரியா இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. அப்போது ஆயுள் 43க்குச் சரிந்ததா? இல்லையே! இதற்கு மேல் யாருக்கு என்ன சான்று வேண்டும்?

சென்னையிலிருந்து கொள்ளுப்பிட்டி:
இந்தியாவை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். கேரளத்தில் 75. இருதயச் சத்திரசிகிச்சைக்குச் சென்னைக்கு விமானம் ஏறும் கொழும்பு மக்களையும் கொஞ்சம் எண்ணுங்கள்.

வெள்ளவத்தை வாசன்:
பணமுள்ளவன் எங்கும் போவான். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் 1951 முதல் காசில்லாமல் மருந்து. போன மாதம் இங்கே நடந்த ஆப்பம் பற்றிய விவாத இழையில் தோற்றவர்கள் எல்லோரும் இங்கே அணிவகுத்து வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஹட்டன் பக்கத்தான்:
உங்கள் 77இல் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளையும் சேர்த்தா பெருமைப்படுகிறீர்கள்? 1948இல் எங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். தோட்டத்துச் சிசு மரணம் பல தசாப்தங்களாக நாட்டுச் சராசரியைவிடக் கூடுதலாகவே இருந்தது. அந்த மருத்துவமாது எங்கள் மலைக்கு ஏறவில்லையே, ஏன்?

வெள்ளவத்தை வாசன்:
தம்பி, நியாயமான கேள்விதான். அதற்குத் தனி இழை திறவுங்கள்.

ஹட்டன் பக்கத்தான்:
எங்களுக்கு எப்போதும் தனி இழைதான், தனி வரிசைதான்.

கொட்டாஞ்சேனையான்:
ஒன்பது ஆண்டு, வாசன் ஐயா. ஒன்பது!

வெள்ளவத்தை வாசன்:
ஈரவலயம், ஐயா. ஈரவலயம்!

கொட்டாஞ்சேனையான்:
கேகாலை. அதுசரி, ஆப்ப இழையில் நான் தோற்றதாக யார் சொன்னது?