15 வயதுப் பையனை ஹெல்மெட் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

மாலைவெயில் கேட்டது:

என் பையனுக்கு 15 வயது. பள்ளிக்கு, மைதானத்துக்கு, நண்பர்கள் வீட்டுக்கு என்று எங்கே போனாலும் சைக்கிள்தான். சின்ன வயதில் ஹெல்மெட்டை அவனே தேடி எடுத்து மாட்டிக்கொள்வான், நாங்கள் சொல்லவே வேண்டியதில்லை. இப்போது நான் வாசலில் நிற்கிறேன் என்பதற்காக மாட்டுகிறான், தெரு முனை திரும்பியதும் அது ஹேண்டிலில் தொங்குகிறது. கேட்டால் "என் செட்டில் யாருமே போடுவதில்லை, என்னை மட்டும் ஏன் குழந்தை மாதிரி நடத்துகிறீர்கள்" என்கிறான்.

என் கணவர் வேறு மாதிரி யோசிக்கிறார். படிப்பு, போன், தூக்கம் என்று ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் அவனோடு மல்லுக்கு நிற்கிறோம், இதையும் சேர்த்தால் நாம் எது சொன்னாலும் காதில் வாங்க மாட்டான், விட்டுவிடு என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவன் கிளம்பிப் போன பிறகு எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: இதில் பிடிவாதமாக நிற்கலாமா, நின்றால் எப்படி நிற்பது?

இரவுப்பணி:

நில்லுங்கள். வேறு பத்து விஷயத்தில் விட்டுக்கொடுத்தாலும் இதில் வேண்டாம்.

நான் விபத்துப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர். சைக்கிளில் இருந்து விழுந்து கை முறிந்து வரும் பிள்ளைகளைப் பார்த்து நான் பயப்படுவதில்லை, கட்டுப் போட்டால் கூடிவிடும். எனக்குப் பயம் தருவது தானாக நடந்து வருகிற பிள்ளை. விழுந்திருப்பான், எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பான், எல்லோரிடமும் நன்றாகப் பேசியிருப்பான். சில மணி நேரம் கழித்துத் தலை வலிக்கிறது என்பான், வாந்தி எடுப்பான், தூக்கம் தூக்கமாக வருகிறது என்று படுத்துக்கொள்வான். நெற்றிப்பொட்டுக்கும் காதுக்கும் இடைப்பட்ட இடத்தில் மண்டையோட்டு எலும்பு மிகவும் மெல்லியது, அதன் உள்பக்கத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அடி அங்கே பட்டு எலும்பு விரிசல் விட்டால் அந்தத் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் தேங்க ஆரம்பிக்கும். முதலில் தேங்குவது கொஞ்சம்தான் என்பதால் பிள்ளை தெளிவாகவே இருப்பான். அந்தத் தெளிவை நம்பித்தான் வீட்டில் "சரி, ஒன்றுமில்லை, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அதனால் ஹெல்மெட் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் இதை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், எழுப்பினால் சரியாக எழாத மயக்கத் தூக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிவது, இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

பிள்ளை கோபித்துக்கொள்வான் என்பதற்காக இதில் தளர்ந்துபோகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும்.

நெடுவழி:

செவிலியர் சகோதரி சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். உலகத்திலேயே அதிகமாக சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நெதர்லாந்துக்காரர்கள், அங்கே அன்றாடம் சைக்கிளில் போகிறவர்களில் ஹெல்மெட் போடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. தனிப் பாதை, வேகம் குறைந்த தெருக்கள், சைக்கிளைப் பார்த்துப் பழகிய ஓட்டுநர்கள், இவைதான் அவர்களைக் காப்பாற்றுகின்றன. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1990-ல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது, உலகத்தில் முதலில் செய்தது அவர்கள்தான். அதற்குப் பிறகு சாலையில் எண்ணிப் பார்த்தபோது சைக்கிளை விட்டுவிட்டவர்களில் பதின்ம வயதினர்தான் முன்னணியில் இருந்தார்கள். அமெரிக்காவில் சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டி 2022-ல் தன் ஹெல்மெட் விதியை நீக்கியேவிட்டது, போலீஸ் அதை வீடில்லாதவர்கள் மேலும் கறுப்பின மக்கள் மேலும்தான் அதிகமாகப் பாய்ச்சியது என்று தெரிந்ததால்.

நான் கவலைப்படுவது இதற்குத்தான். ஹெல்மெட் இல்லையென்றால் சைக்கிள் இல்லை என்று சொன்னால் பையன் சைக்கிளை மூலையில் சாய்த்துவிட்டு நண்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவான். அது சைக்கிளைவிட ஆபத்து இல்லையா? அதோடு, மோதுகிற காரைப் பற்றிப் பேசாமல் மோதப்படுகிற பிள்ளையின் தலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கணக்குவாத்தியார்:

நெடுவழி, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குப் பதில். சட்டம் வேண்டுமா, பாதை வேண்டுமா என்று வாதம் வந்தால் நானும் பாதை என்றுதான் கை தூக்குவேன். ஆனால் கேட்டவர் அரசாங்கம் இல்லை, ஒரு அம்மா. நாளைக் காலையில் அவருடைய பையன் போகப்போகும் சாலையில் தனிப் பாதை முளைத்துவிடாது. நல்ல பாதை இருந்தாலும் மணல் சறுக்கிவிடும், முன் பிரேக்கைப் பயத்தில் இறுக்கிப் பிடித்தால் ஹேண்டிலுக்கு மேலே தூக்கி வீசும், அதற்கெல்லாம் எந்தக் காரும் தேவையில்லை.

இயற்பியல் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் பையன்களிடம் "பாதுகாப்பு" என்ற சொல்லைவிட இதுதான் எடுபடும். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவனின் தலை தரையில் இருந்து ஒன்றரை மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பொருள் கீழே விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அதாவது சைக்கிள் நின்றுகொண்டிருக்கும்போது சரிந்து விழுந்தாலே தலை அந்த வேகத்தை நெருங்கிவிடலாம். "நான் மெதுவாகத்தான் போகிறேன்" என்பது இங்கே பதிலாகாது. வெறும் தலை கான்கிரீட்டில் மோதினால் அந்த வேகம் முழுவதும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கிக் கொடுக்கிறபோது அதே வேகம் ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் நிற்கிறது. நிற்கும் தூரம் பத்து மடங்கானால் தலைக்குள் போகும் விசை பத்தில் ஒன்றாகிறது, ஹெல்மெட்டின் வேலை முழுக்க இந்த நசுங்கலில்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் இஎன் 1078 தரத்தில் கிட்டத்தட்ட இந்த ஒன்றரை மீட்டர் விழுதலைத்தான் சோதிக்கிறார்கள், அமெரிக்காவின் சிபிஎஸ்சி தரத்தில் 2 மீட்டர்.

புள்ளிவிவரமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 40 ஆய்வுகளை, 64,000-க்கு மேற்பட்ட காயம்பட்ட சைக்கிள்காரர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயத்தின் வாய்ப்பு பாதியாகக் குறைந்திருந்தது, கடுமையான தலைக்காயத்தில் 69 சதவீதம் குறைவு. முகக் காயம்கூட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இது விழுந்து அடிபட்டவர்களுக்குள் ஒப்பிட்டது, அதனால் நெதர்லாந்தின் பாதையோடு இதற்குச் சண்டையே இல்லை. கார் நேராக வந்து மோதினால் இந்தத் தெர்மாகோல் எந்த அளவுக்குத் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது, அதையும் பையனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மிகைப்படுத்திச் சொன்னால் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவான், அப்புறம் மற்றதையும் நம்ப மாட்டான்.

மூன்றாம்கியர்:

எனக்கு 17. இங்கே பெரியவர்கள்தான் பேசுகிறீர்கள், ஆனால் மாட்டுகிறவன் பக்கத்தில் இருந்தும் கேளுங்கள் ஆன்ட்டி.

உங்கள் பையனுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. மண்டை உடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுடைய பிரச்சினை வேறு. பள்ளியில் இறங்கியதும் அதை எங்கே வைப்பது? பையில் நுழையாது, சைக்கிளில் விட்டால் எவனாவது எடுத்து விளையாடுவான், கையில் வைத்துக்கொண்டே வகுப்புக்குள் போனால் ஆளாளுக்கு ஏதாவது சொல்வார்கள். அப்புறம் வியர்வை, காலையில் வாரிய முடி ஒட்டிக்கிடப்பது. இதெல்லாம் உங்களுக்குச் சின்ன விஷயம், எங்களுக்கு அன்றைய நாள் முழுக்க அதுதான் ஓடும். "உயிரைவிட முடி பெரிதா" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் வாயை மூடிக்கொள்வோம், ஆனால் தெரு முனையில் கழற்றிவிடுவோம்.

எனக்கு எது வேலை செய்தது என்றால், அப்பா "போடாமல் சைக்கிளை எடுக்கக் கூடாது, இதில் பேச்சே இல்லை" என்று சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டார். எந்த மாடல், என்ன நிறம் எல்லாம் என் இஷ்டம். பக்கவாட்டில் சைக்கிளோடு சேர்த்துப் பூட்டுவதற்கு ஒரு நீளமான கேபிள் பூட்டும் வாங்கினோம், அதை ஹெல்மெட்டின் காற்றுத் துளை வழியாக விட்டுச் சக்கரத்தோடு பூட்டிவிடலாம். பாதிச் சண்டை அந்தப் பூட்டோடு முடிந்தது. இன்னொன்று, அப்பாவும் போடுகிறார், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் போடுகிறார். அவர் வெறும் தலையோடு போய்க்கொண்டு என்னை மட்டும் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

முடிந்தால் அவனோடு சேர்ந்து போகிற ஒருவன் வீட்டிலாவது பேசுங்கள். இரண்டு பேர் போட்டால் அது கூட்டத்தில் ஒரு விஷயமே இல்லை. ஒருவன் மட்டும் போடுவதுதான் கஷ்டம்.

அப்புறம் அவனை வேவு பார்க்காதீர்கள். ஒருமுறை பிடித்துவிட்டால் அவன் அடுத்த தெருவில் கழற்றப் பழகிக்கொள்வான், அவ்வளவுதான்.

நெடுவழி:

தம்பி, நீ எழுதியதுதான் நான் கேட்க நினைத்தது. விதியைப் போட்டுவிட்டு மற்றதை அவன் கையில் கொடுப்பது என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. வெறும் அதட்டலாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

மாலைவெயில்:

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக அந்த 17 வயதுத் தம்பிக்கு. எங்கே வைப்பது என்று அவனுக்கு ஒரு சிக்கல் இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. இன்று இரவு கணவரோடு இதைப் படிக்கிறேன், அவரும் சைக்கிள் எடுக்கும்போது போட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து.

இரண்டு சந்தேகம். அவனுடைய பழைய ஹெல்மெட் மாடியில் இருந்து ஒருமுறை விழுந்திருக்கிறது, வெளியே கீறல்தான், அதையே தொடரலாமா? வீட்டில் மோட்டார் பைக் ஹெல்மெட் ஒன்று சும்மா இருக்கிறது, அதை மாட்டிக்கொண்டால் போதுமா?

இரவுப்பணி:

பழையதை விட்டுவிடுங்கள். தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது, வெளியே ஓடு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே விரிசல் இருக்கலாம். விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டையும் அப்படித்தான், அன்றோடு மாற்றிவிட வேண்டும்.

பைக் ஹெல்மெட் தலையைக் காக்கும், ஆனால் கனம், காற்று வராது, மிதிக்கிறபோது வேர்த்து ஊற்றும், காதும் பாதி அடைத்துக்கொள்வதால் பின்னால் வருகிற வண்டிச் சத்தம் சரியாகக் கேட்காது. இரண்டே நாளில் கழற்றிவிடுவான். சைக்கிளுக்கென்று உள்ளதையே வாங்குங்கள், தர முத்திரை உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விலை கூடியதுதான் காக்கும் என்றில்லை, பொருந்துவதுதான் காக்கும்.

கடைக்கு அவனையும் அழைத்துப் போங்கள், ஏனென்றால் தலையில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நேராக, மட்டமாக உட்கார வேண்டும், முன் விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. பிள்ளைகள் ஸ்டைலுக்காகப் பின்னால் தள்ளிப் போடுகிறார்கள், அப்போது நெற்றி முழுக்கத் திறந்து கிடக்கிறது, முன்னால் கவிழ்ந்து விழுகிறவனுக்கு முதலில் படுவதே அந்த இடம்தான். பக்கத்து வார்கள் இரண்டும் காது மடலுக்குக் கீழே ஒன்று சேர வேண்டும். தாடை வாருக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு விரல், அதிகம் போனால் இரண்டு, அதற்கு மேல் இடம் இருந்தால் இறுக்குங்கள். வாயை ஆவென்று திறக்கச் சொல்லுங்கள், ஹெல்மெட் தலையைக் கீழே இழுக்கிற மாதிரி இருந்தால் வார் சரியாக இருக்கிறது. பின்னால் திருகு இருந்தால் அதைத் திருகிவிட்டு, வாரைப் போடாமலே குனிந்து தலையை ஆட்டச் சொல்லுங்கள், விழாமல் நின்றால் அளவு சரி. அதற்குப் பிறகு நிறத்தை அவனே முடிவு செய்யட்டும்.