கழுத்துத் தமனியில் 80 சதவீத அடைப்பு: அறுவை சிகிச்சையே பக்கவாதத்தைக் கொண்டுவந்துவிடாதா?

கேள்வி: திருச்சி வாசகர் (11ஆம் தேதி)

என் தந்தைக்கு வயது 72. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு; பீடியை விட்டு மூன்று ஆண்டுகள்தாம் ஆகின்றன. இம்மாதம் 3ஆம் தேதி காலையில் நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தபோது, இடது கண்ணின் மேல் யாரோ திரையை இறக்கியதுபோல இருட்டி, ஐந்தாறு நிமிடங்களில் தெளிந்திருக்கிறது. கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்று நினைத்து அவர் எங்களிடம் சொல்லவில்லை. மறுநாள் மாலை காபி டம்ளர் வலக்கையிலிருந்து நழுவி, அரைமணி நேரம் பேச்சும் குழறிய பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியான இடப்பக்க உள் கரோட்டிட்டில் 80 சதவீதமும், வலப்பக்கத்தில் 60 சதவீதமும் அடைப்பு இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இப்போது அவர் நன்றாக நடக்கிறார், பேசுகிறார், இரண்டு வேளையும் தாமாகவே சாப்பிடுகிறார்.

நரம்பியல் மருத்துவர் இந்த வாரத்துக்குள், தமனியைத் திறந்து அடைப்பை எடுக்கும் அறுவை சிகிச்சையைச் செய்துவிட வேண்டும் என்கிறார். வேறொரு மருத்துவமனையில், குறுகிய இடத்தை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றார்கள். நல்லபடியாக நடமாடுகிற மனிதரின் கழுத்தில் ஏன் கத்தி வைக்க வேண்டும், மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது சித்தப்பாவின் கட்சி. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைக் கவ்வி நிறுத்திவிட்டு வேலை செய்வார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கும் உறக்கமில்லை. தவிர்க்க நினைக்கும் பக்கவாதத்தை நாமே விலை கொடுத்து வாங்குவதாகிவிடாதா? வலப்பக்கத்து 60 சதவீதத்தை என்ன செய்வது? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ரத்தநாள அறுவை மருத்துவர்

ஐயா, உங்கள் தந்தையின் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாகத்தான் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்று தெளிவாக இருக்கிறது. இடக்கண் இருண்டதும், வலக்கை தளர்ந்ததும், பேச்சு குழறியதும் மூன்று தனித்தனி நோய்கள் அல்ல. கண்ணுக்குப் போகும் தமனி உள் கரோட்டிட்டின் கிளை. வலக்கையையும், பெரும்பாலோருக்குப் பேச்சையும் ஆள்வது இடப்பக்க மூளை. இடப்பக்கத் தமனியில் படிந்துள்ள கொழுப்புப் படிவின் மேற்பரப்பு உடைந்து, அதன் மேல் உறையும் ரத்தத்திலிருந்து சிறு துணுக்குகள் ஒருநாள் கண்ணுக்கும் மறுநாள் மூளைக்கும் போயிருக்கின்றன என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் இப்போது நன்றாக நடக்கிறார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தப் படிவு ஆறிவிட்டது என்பதற்கு அது சான்றாகாது.

மாத்திரை மட்டும் போதுமா என்ற கேள்விக்கு வட அமெரிக்காவில் நடந்த நாஸ்செட் ஆய்வு 1991இல் பதில் தந்தது. அறிகுறி தோன்றிய, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்புள்ள 659 நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வரும் அபாயம் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 26 சதவீதமாகவும், அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களுக்கு 9 சதவீதமாகவும் இருந்தது. உங்கள் அச்சத்துக்கான விடை அந்த 9க்குள்ளேயே இருக்கிறது: அறுவை சிகிச்சையால் நேர்ந்த பக்கவாதங்களும் அதில் சேர்த்தே எண்ணப்பட்டன. முதல் முப்பது நாட்களில் பக்கவாதமோ மரணமோ ஏறத்தாழ 6 சதவீதம் பேருக்கு நேர்ந்தது; அந்த விலையைக் கொடுத்த பிறகும் ஆறு பேருக்குச் செய்தால் ஒருவர் தப்பினார். இன்றைய மருந்துகள் 1991ஐவிட மேலானவை என்பதால் இந்த இடைவெளி இப்போது குறைந்திருக்கும். இருந்தாலும் அறிகுறி தோன்றிய கடுமையான அடைப்பில் அது மறைந்துவிடவில்லை.

நாள் கணக்குதான் இதில் முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2004இல் வெளியிட்ட கணக்கின்படி, கடைசி அறிகுறி தோன்றி இரண்டு வாரங்களுக்குள் செய்தால் ஐந்து பேரில் ஒருவருக்குப் பலன் கிட்டுகிறது. பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு செய்தால் அதே பலனுக்கு 125 பேருக்குச் செய்ய வேண்டியிருக்கிறது. உங்கள் தந்தைக்கு 18ஆம் தேதியோடு இரண்டு வாரம் முடிகிறது. நல்ல நாள் பார்த்துச் செய்யலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்த ஒரு தகவலை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள்.

இனி, கவ்வி நிறுத்துவது பற்றி. மூளையின் அடியில் இருபுறத் தமனிகளையும் இணைக்கும் ஒரு வளையம் இருப்பதால், ஒருபக்கத்தை அரைமணி நேரம் நிறுத்தினாலும் பெரும்பாலோருக்கு மறுபக்கத்திலிருந்து ரத்தம் வந்துவிடும். போதாதவர்களுக்கு, கவ்விய இடத்தைத் தாண்டி ரத்தம் ஓட ஒரு மெல்லிய குழாயைத் தற்காலிகமாகச் செருகுகிறோம். அறுவை சிகிச்சையை ஒட்டி வரும் பக்கவாதங்களில் பெரும்பங்கு இந்த நிறுத்தத்தால் வருவதில்லை. தமனியைச் சுற்றியுள்ள திசுவிலிருந்து பிரித்தெடுக்கும்போது துணுக்கு நழுவுவதாலும், தையலிட்ட உட்புறத்தில் பிறகு ரத்தம் உறைவதாலும் வருகின்றன. ஆகவே அறுவை மருத்துவரின் கைப்பழக்கத்தைத்தான் விசாரிக்க வேண்டும். கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதா, முழு மயக்கம் கொடுப்பதா என்று பலர் கவலைப்படுகிறார்கள். 2008இல் 3,526 நோயாளிகளிடம் ஒப்பிட்டதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

உங்கள் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்த அறுவை சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், முப்பது நாட்களுக்குள் அவர்களில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது? அறிகுறி உள்ளவர்களில் 6 சதவீதத்துக்குள், அறிகுறி இல்லாதவர்களில் 3 சதவீதத்துக்குள் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்டுள்ள வரம்பு. நோயாளியைப் பரிசோதித்து எண்ணியவர் யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வெளியான ஆய்வுகளை 1996இல் தொகுத்தபோது, நரம்பியல் மருத்துவர் பரிசோதித்த ஆய்வுகளில் 7.7 சதவீதமாக இருந்த அபாயம், அறுவை மருத்துவர் தாமே தனியாக எழுதியவற்றில் 2.3 சதவீதமாக இருந்தது. என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுமொழி: சேலத்து மகள்

மருத்துவர் ஐயா சொல்வதை மறுக்க எனக்குப் படிப்பில்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தாயாருக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. முழு உடல் பரிசோதனைத் திட்டம் ஒன்றில் கழுத்தையும் ஸ்கேன் செய்து, 70 சதவீத அடைப்பு என்றும், எப்போது வேண்டுமானாலும் வெடிக்கக்கூடிய குண்டு என்றும் சொன்னார்கள். பயந்துபோய்ப் பத்து நாட்களில் சம்மதித்தோம். அறுவை சிகிச்சை முடிந்த அன்றிரவே இடப்பக்கக் கையும் காலும் செயலிழந்தன. நான்கு ஆண்டுகளாகியும் அவரால் பூத்தொடுக்க முடியவில்லை. எந்த மருத்துவமனை என்று எழுத விரும்பவில்லை. மேலே கேட்கச் சொன்ன கேள்விகளை அன்று யாராவது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

மறுமொழி: நரம்பியல் துறையிலிருந்து

அம்மா, உங்கள் தாயாருக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். நல்ல கைகளிலும் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இது நேரும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் தாயாரின் 70 சதவீதமும் திருச்சி நண்பருடைய தந்தையின் 80 சதவீதமும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. அறிகுறியே தோன்றாத அடைப்பு அமைதியான நோய். அங்கே லாபம் சிறியது, மெதுவாக வருவது, ஆனால் அபாயத்தை முதல்நாளே ஏற்க வேண்டும்.

3,120 பேர் பங்கேற்று 2004இல் முடிவு வெளியான ஆய்வொன்றில், அறிகுறியற்றவர்களுக்கு ஐந்தாண்டுப் பக்கவாத அபாயம் அறுவை சிகிச்சையால் 11.8 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பரவலாவதற்கு முன் தொடங்கிய ஆய்வு அது. இப்போது நன்றாக மருந்து எடுப்பவர்களுக்கு அந்த அபாயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அறிகுறியற்றவர்களிடம் நடந்து 2025 நவம்பரில் வெளிவந்த கிரெஸ்ட்-2 ஆய்வில், நான்காண்டு அபாயம் தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 5.3 சதவீதம், அறுவை சிகிச்சையும் பெற்றவர்களுக்கு 3.7 சதவீதம் என, அறுவையின் பலன் உறுதியாகச் சொல்ல முடியாத அளவில் நின்றது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் ஸ்டென்ட் அந்த அபாயத்தை 6.0 சதவீதத்திலிருந்து 2.8ஆகக் குறைத்தது. ஆனால் அங்கே ஸ்டென்ட் வைத்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட, பழக்கமுள்ள கைகள் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே திருச்சி நண்பரே, அறிகுறி எதுவும் காட்டாத வலப்பக்கத்து 60 சதவீதத்தை இப்போது யாரும் தொட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆஸ்பிரின், ஸ்டாட்டின், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, பீடி பக்கம் திரும்பாதிருத்தல், அவ்வப்போது டாப்ளர், இவை போதும்.

இன்னொன்று. டாப்ளர் அறிக்கையில் எழுதப்படும் சதவீதத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். குழாயின் குறுக்களவு பாதியாகக் குறைந்தால் பரப்பளவு முக்கால் பங்கு குறைந்துவிடும். ஆகவே 50 சதவீதம் என்பதும் 75 சதவீதம் என்பதும் ஒரே அடைப்பாக இருக்கலாம். போதாக்குறைக்கு, அடைப்பை எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்பதிலும் இரு முறைகள் உண்டு; நாஸ்செட் முறையில் 70 என அளக்கப்படுவது ஐரோப்பாவில் நடந்த இன்னோர் ஆய்வின் முறையில் ஏறத்தாழ 85 ஆகிறது. அறிக்கையில் ரத்தத்தின் உச்ச வேகம் எவ்வளவு என்று பாருங்கள். வினாடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் 70க்கு மேற்பட்ட அடைப்பு என்று பொதுவாகக் கொள்வார்கள். கத்தி வைக்கும் முன், தமனிகளைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ ஒன்று எடுத்து, கழுத்தோடு நிறுத்தாமல் மண்டைக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். மண்டைக்குள் உள்ள தமனிகளில் அடைப்பு ஏற்படுவது மேலை நாட்டவரைவிட நம்மவர்களிடம் அதிகம். அங்கேதான் முதன்மையான அடைப்பு என்றால் கழுத்தைச் சரிசெய்தும் பயனில்லை.

திருச்சி வாசகர் (12ஆம் தேதி)

அனைவருக்கும் நன்றி. டாப்ளரில் உச்ச வேகம் 310 என்று இருக்கிறது. இன்று சி.டி. ஆஞ்சியோ எடுத்தோம், இடப்பக்கம் 75 சதவீதம், மேற்பரப்பில் புண் போன்ற குழிவு, மண்டைக்குள் பெரிய அடைப்பு இல்லை. எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயம் 55 சதவீதம் இயங்குகிறது, அது இயல்பான அளவுதான் என்றார்கள். கத்தியில்லாமல் தொடை வழியாக ஸ்டென்ட் வைப்பதை ஏன் யாரும் பரிந்துரைக்கவில்லை என்று சித்தப்பா கேட்கிறார்.

மறுமொழி: ரத்தநாள அறுவை மருத்துவர்

வயதுதான் காரணம். அறிகுறி உள்ளவர்களிடம் நடந்த மூன்று ஐரோப்பிய ஆய்வுகளின் 3,433 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 70 வயதுக்குக் கீழ் இரு முறைகளுக்கும் வித்தியாசமே இல்லை. அதற்கு மேற்பட்டவர்களில் 120 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது ஸ்டென்ட்டில் 12 சதவீதம், அறுவை சிகிச்சையில் 5.9 சதவீதம். முதியவர்களின், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவு சுண்ணாம்பு படிந்து நெளிந்திருக்கும். கம்பியும் குழாயும் அதைக் கடந்து கழுத்தை அடையும் முன்பே துணுக்குகளை உதிர்த்துவிடக்கூடும். மறுபுறம், மாரடைப்பு வரும் அபாயம் அறுவை சிகிச்சையில் சற்று அதிகம். இதயம் மிகப் பலவீனமானவர்கள், கழுத்தில் முன்பே கதிர்வீச்சுப் பெற்றவர்கள், ஒருமுறை அறுவை செய்து மீண்டும் அடைத்துக்கொண்டவர்கள் ஆகியோருக்கு நானே ஸ்டென்ட்டைப் பரிந்துரைப்பேன். உங்கள் தந்தை அந்த வகையில் வரவில்லை.

மறுமொழி: பக்கவாதப் பிரிவுச் செவிலியர்

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். முதல் நாள் கழுத்து வீங்கிக்கொண்டே போனாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே அழைக்க வேண்டும்; காயத்துக்குள் ரத்தம் கட்டினால் மூச்சுக்குழாய் நசுங்கும். குரல் கரகரப்பு, நாக்கு ஒருபக்கம் ஒதுங்குதல், வாயோரம் இறங்குதல் ஆகியவை பக்கவாதமோ என்று உறவினர்கள் பதறுவார்கள். பெரும்பாலும் அவை அருகிலுள்ள நரம்புகள் இழுபட்டதால் வருபவை, வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனால் எது எது என்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். வீட்டுக்குப் போன பிறகு முதல் இரண்டு வாரங்கள் ரத்த அழுத்தத்தை நாளுக்கு இருமுறை அளந்து எழுதி வையுங்கள். நீண்ட நாள் குறைந்த ரத்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று முழு ரத்தம் போவதால், நூற்றில் ஒருவருக்கு அறுவை செய்த பக்கத்தில் கடும் தலைவலியும், பிறகு வலிப்பும், சிலருக்கு ரத்தக்கசிவும் வரும். மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும் தலைவலி இல்லை அது.

திருச்சி வாசகர் (24ஆம் தேதி)

16ஆம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை, தம்முடைய பதிவேட்டையே திருப்பிக் காட்டினார். தமனியைத் திறந்து படிவை உரித்தெடுத்து, திறந்த இடத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்ததாகச் சொன்னார். மூன்றாம் நாள் மாலை ரத்த அழுத்தம் 180ஐத் தொட்டு, தலைவலி என்றார். செவிலியர் எழுதியிருந்தது நினைவுக்கு வந்து உடனே தெரிவித்தோம், ஊசி மருந்தால் இறக்கிவிட்டு ஒருநாள் கூடுதலாக வைத்திருந்தார்கள். கையும் பேச்சும் நன்றாக உள்ளன. இடப்பக்க வாயோரம் மட்டும் சற்று இறங்கியிருப்பதால் காபி குடிக்கும்போது சட்டையில் சிந்துகிறது. வலப்பக்கத்துக்கு ஆறு மாதம் கழித்து டாப்ளர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சேலத்துச் சகோதரி, உங்கள் பதிவை என் தந்தையும் வாசித்தார். தாயாரை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.