பரம்பரையும் சூழலும்: எடுத்துக்காட்டுகள் சொல்ல முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு, வளர்ச்சியையும் கற்றலையும் தீர்மானிக்கும் காரணிகள் பற்றி வகுப்பு எடுக்கப்போகிறேன். பாடநூலில் பரம்பரை ஒரு பக்கம், சூழல் மறுபக்கம் என்று கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். இரண்டும் பின்னிக்கிடப்பதைக் காட்டும் எடுத்துக்காட்டுகள்தான் எனக்கு வேண்டும்.

கையில் இருப்பதில் சிறந்தது பினைல்கீட்டோனூரியா. முழுக்க மரபணுக் கோளாறு. பினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடலால் சரியாகச் சிதைக்க முடியாமல், அது இரத்தத்தில் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆனால் பிறந்த சில நாட்களிலேயே இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, அந்த அமிலம் குறைவான உணவைத் தொடர்ந்து கொடுத்தால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மரபணு அப்படியேதான் இருக்கிறது, சாப்பாடுதான் மாறியது!

அப்புறம், கர்ப்ப காலத்தில் தாய்க்கு ஏற்பட்டு, குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அயோடின் பற்றாக்குறை. லேசான செவித்திறன் குறைபாடு உள்ள பிள்ளையைக் ‘கவனமில்லாதவன்’ என்று ஒதுக்கிவிடுவது. இதையும் கட்டாயம் சொல்வேன்.

ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், காப்பகத்திலிருந்து இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பல விதங்களில் நன்றாக மீண்டார்கள். இதை மட்டும் சொன்னால், வயது தாண்டினால் அவ்வளவுதான் என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுவார்களோ என்பதே என் கவலை.

பேச்சுப் பயிற்சியாளர்கள், சிறப்பாசிரியர்கள், குழந்தை மருத்துவர்கள் யாராவது இருந்தால், தாமதமாக உதவி கிடைத்தும் நன்றாக முன்னேறிய பிள்ளைகளைப் பற்றி, பெயர் சொல்லாமல் எழுதுங்கள். எது மாறியதால் முன்னேறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.