மறு: டிபென்டன்சிக்குச் ‘சார்பு’ போதுமா?

> புதுச்சொல் எதற்கு? ‘சார்பு’ என்றே விட்டுவிடலாமே.

வணக்கம்.

ஒரு நிரல் இயங்க அதற்குத் தேவைப்படும் வேறொரு நிரலைத்தான் டிபென்டன்சி என்கிறோம். அதற்குத் தமிழில் ‘சார்பு’ என்பதே போதும் என்கிறீர்கள்.

சிங்கப்பூரில் பிள்ளைகள் கணக்கை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். அதனால் ‘சார்பு’ எங்கள் காதுக்கு உறுத்துவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்தவருக்கோ சார்பு என்றால் கணக்கில் வரும் ஃபங்ஷன்.

இது ஏட்டளவில் நிற்கும் சிக்கல் இல்லை. நாங்கள் பராமரிக்கும் நான்குமொழித் தளம் ஒன்றில் வெளியிலிருந்து எடுத்த நாள்காட்டிக் கூறு ஒன்றைச் சேர்த்தோம். பக்கத்தில் ஏற்கெனவே ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தின் 3-ஆம் பதிப்பு இருந்தது. அந்தக் கூறு தன் பங்குக்கு ஜேகுவரி 1-ஐ இழுத்து வந்தது. கடைசியாக ஏறுவதுதான், ஜேகுவரியை அழைக்கும் சுருக்கப் பெயரான டாலர் குறியைப் ($) பிடித்துக்கொள்ளும். முதலாவதில் பூட்டியிருந்த செருகுநிரல்கள், அந்த டாலர் குறி வழியாகத் தேடினால் கிடைக்காது. உலாவி என்ன பிழை காட்டும்? ‘இது ஃபங்ஷன் அல்ல’. ஆக, சார்புச் சிக்கலால் ‘சார்பு அல்ல’ என்று பிழை வருகிறது! வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு இதைத் தமிழில் எப்படி விளக்குவது?

என் பரிந்துரை ‘சார்நிரல்’. குடிநீர் மாதிரி வினைத்தொகை: வேறொரு நிரல் எதைச் சார்ந்து நிற்கிறதோ அந்த நிரல். ‘சார்ந்திருக்கிற நிரல் என்றும் பொருள் வருமே’ என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். வரும்தான். ஆனால் குடிநீர் என்றதும் நீர் எதையோ குடிக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே.

அப்புறம், பியர் டிபென்டன்சிக்குச் ‘சகச் சார்பு’ என்பது எனக்கு ஒப்பவில்லை. அங்கே யாரும் யாருக்கும் சகா இல்லை. இணையப் பக்க இடைமுகம் கட்ட உதவும் ரியாக்ட் நிரலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எனக்கு ரியாக்ட் வேண்டும், ஆனால் நான் கொண்டுவர மாட்டேன், செயலியில் இருப்பதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறது கூறு. ரியாக்டின் இரண்டு நகல்கள் ஏறிவிட்டால் அதன் ‘ஹூக்குகள்’ என்ற வசதி முரண்டுபிடிக்கும். எல்லாருக்கும் ஒரே நகல்தான் இருக்க வேண்டும். அதனால் ‘பொதுச் சார்நிரல்’. கூறு தன்னோடு கட்டிக்கொண்டு வருவது ‘தனிச் சார்நிரல்’.

யார் நிறுவுவது என்பதைப் பெயருக்குள் திணிக்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை நிறுவித்தரும் கருவியான என்பிஎம், 3 முதல் 6-ஆம் பதிப்பு வரை, பொதுச் சார்நிரல் இல்லையென்றால் எச்சரித்துவிட்டு விட்டுவிடும். 2020-இல் வந்த 7-ஆம் பதிப்பு தானே நிறுவிவிடுகிறது. கருவி இப்படி மனம் மாறும்போதெல்லாம் நாம் பெயரை மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

சரி, சார்நிரலுக்கே ஒரு சார்நிரல் இருக்குமே, அதற்கு என்ன? ‘வழிச் சார்நிரல்’ என்று அரைமனதாகக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து