1959 ஆய்வு சாப்பாடு முக்கியமில்லை என்றது, 2023 ஆய்வு முக்கியம் என்கிறது. டிபியில் எதை வைத்து முடிவெடுப்பது?

கடைசி_பெஞ்ச்:
பொது சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். ஆய்வு, கள அனுபவம், கொள்கை மூன்றையும் சேர்த்து முடிவெடுப்பது பற்றி அடுத்த வாரம் செமினார். எல்லாரும் மூன்று வட்டம் வரைந்து, நடுவில் கொஞ்சம் கலர் அடித்து முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. டிபியை எடுத்தேன், மாட்டிக்கொண்டேன். 1959 சென்னை ஆய்வில் சானடோரியத்தில் (டிபி நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனை) நல்ல சாப்பாட்டோடு படுத்திருந்தவர்களும், வீட்டில் அரைகுறையாகச் சாப்பிட்டு மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். 2023 ஜார்க்கண்ட் ஆய்வோ சாப்பாடு கொடுத்தால் குடும்பத்தில் டிபி வருவதே குறைகிறது என்கிறது. நான் மாவட்ட அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் பணத்தை மருந்தை ஒழுங்காக எடுக்கவைக்கச் செலவழிப்பதா, அரிசிக்கா?

சேத்துப்பட்டு_ரசிகன்:
இரண்டுமே சரிதான், கேட்ட கேள்வி வேறு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் அந்த ஆய்வை நடத்திய டிபி மையம் தொடங்கியபோது இருந்த தலைவலி, நோயாளிகளுக்குப் படுக்கை போதவில்லை என்பது. வீட்டில் வைத்துப் பார்த்தால் தேறுவார்களா, கூட இருப்பவர்களுக்கு அதிகமாகத் தொற்றுமா என்று கேட்டார்கள். 193 பேர், ஒரு வருட மருந்து. தேறினார்கள், அதிகமாகத் தொற்றவும் இல்லை. சானடோரியங்களின் காலம் முடிந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த வீட்டு நோயாளிகளை யாரும் சும்மா விட்டுவிடவில்லை. திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். அவ்வளவு கண்காணிப்போடு மருந்து போனால் சாப்பாடு குறைந்தாலும் குணமாகலாம் என்பதுதான் முடிவு. கைமாறிக் கைமாறி அது "சாப்பாடு தேவையில்லை" என்று சுருங்கிவிட்டது.

ஜார்க்கண்டில் நோயாளிகள் எல்லாருக்குமே உணவுப் பை போனது. பார்த்தது கூட வாழ்பவர்களை, 10,345 பேரை. ஒரு பகுதி வீடுகளில் அவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு. அந்த வீடுகளில் புதிதாக டிபி வந்தது 39 சதவீதம் குறைவு. ஆக உங்கள் "இதுவா அதுவா" கேள்வியே தப்பு தம்பி.

சைக்கிள்_விசிட்டர்:
நான் டிபி ஹெல்த் விசிட்டர், படிப்பு விஷயம் அவ்வளவு தெரியாது. ஆனால் 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள், உங்கள் மூன்று வட்டமும் அதில் இருக்கிறது. சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில்தான் நிறையப் பேர் இறந்துபோகிறார்கள் என்பது ஆய்வு சொன்னது. யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க லேப், ஸ்கேன் என்று கேட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாளும் நடந்திருக்காது. எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா, இவ்வளவுதான். எழுந்து நிற்க முடியாதவருக்கு உயரம் எப்படி அளப்பது என்று முதலில் நாங்களே சிரித்தோம். நிற்க முடியவில்லை என்றால் அதுவே போதும், அட்மிஷன் தேவை.

கஷ்டம் அதற்கப்புறம். ஒருவர் எலும்பும் தோலுமாக இருக்கிறார், வண்டி வாசலில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறார். வீட்டில் நாலு ஆடு, பார்த்துக்கொள்ள ஆளில்லை. எந்தப் படிவத்திலும் ஆட்டுக்குக் கட்டம் கிடையாது.

கணக்கு_வழக்கு:
பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2018 ஏப்ரலிலிருந்து நோயாளிக்குச் சாப்பாட்டுக்காக அரசு தருவது மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000. நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நோயாளிக்கென்று தனி உலை வைக்கும் வீடு எங்கே இருக்கிறது? ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் அந்தப் பணம் ஆறாகத்தான் பிரியும். என் சித்தப்பாவுக்கு முதல் தவணை வந்தபோது மருந்தே பாதி முடிந்திருந்தது, அது தனிக் கதை. நன்கொடையாளர்கள் மூலம் உணவுப் பை தருவதில் 2024இல் குடும்பத்தாரையும் சேர்த்தார்கள், சரி, ஆனால் நன்கொடையாளர் கிடைக்காத ஊரில் என்ன செய்வது? ஆய்வில் குடும்பத்தாருக்குக் கிடைத்த அரிசிக்கு அரசு பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு வேண்டும் என்பது என் கட்சி.

கடைசி_பெஞ்ச்:
எல்லாருக்கும் நன்றி. "இதுவா அதுவா" ஸ்லைடைத் தூக்கிவிட்டேன். விசிட்டர் அண்ணா, அந்த ஆடு என்ன ஆச்சு?

சைக்கிள்_விசிட்டர்:
பக்கத்துத் தெருவில் அவர் தங்கச்சி வீடு. பேச்சுவார்த்தை கிடையாது, ஏதோ வரப்புத் தகராறு. எங்கள் ஏரியா ஆஷா (ஊர் சுகாதாரப் பணியாளர்) அக்கா இரண்டு தடவை போய்ப் பேசினார், மூன்றாம் நாள் அந்தம்மாவே வந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். அன்றைக்கே அட்மிட் செய்தோம். இப்போது 44 கிலோ.